ஃபீல்டிங் காலில் இருக்கிறது: தாராவிப் பிள்ளைகளோடு பேஸ்பால்

தாராவியில் 60 அடி ரோடும் இருக்கிறது, 90 அடி ரோடும் இருக்கிறது. பேஸ்பாலில் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு பேஸிலிருந்து (ஓடுகிறவன் தொட வேண்டிய இடம்) அடுத்த பேஸ் 60 அடி, பெரியவர்களுக்கு 90 அடி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் தூரத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி எனக்குக் கிடைத்ததில்லை. "இப்ப 60 அடி ரோடு, வளர்ந்தா 90 அடி ரோடு" என்றால் பிள்ளைகள் மண்டையில் ஏறிவிடுகிறது. "90 அடி ரோட்டுல 90 அடி எங்க இருக்கு, அக்கா? கடை, வண்டி எல்லாம் போக நாப்பதுகூட தேறாது" என்று ஒரு பொடியன் கேட்டான். அவன் சொன்னதும் சரிதான்.

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவள். காலேஜில் சாஃப்ட்பால் ஆடினேன். ஷார்ட்ஸ்டாப் இடம், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில். இப்போது வார நாட்களில் கணக்கு வேலை, சனி ஞாயிறு காலையில் சயான் பக்கம் ஒரு மைதானத்தின் மூலையில் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் பயிற்சி. பத்திலிருந்து பதினாலு வயது. பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பங்களின் பேரன் பேத்திகள், மீதி மராத்தி, உ.பி. வீட்டுப் பிள்ளைகள். பேட்டிங்கைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பேட்டைக் கையில் கொடுத்தால் அவர்களே சுற்றிச் சுற்றிப் பழகிக்கொள்வார்கள். ஃபீல்டிங் அப்படி வராது, உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க வேண்டும்.

வருகிற பிள்ளைகள் எல்லோருமே கிரிக்கெட் பிள்ளைகள். சந்துக்குள் அண்டர்ஆர்ம் போட்டு, 'ஒன் டிப் ஒன் ஹேண்ட்' விதியோடு ஆடி வளர்ந்தவர்கள். சுவரில் பட்டு, தகரத்தில் பட்டு வருகிற ரப்பர் பந்தை ஒற்றைக் கையில் பிடித்துப் பழகியவர்களுக்குக் கையைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க அதிகம் இல்லை. பிரச்சினை காலில். சந்தில் ஓட இடம் ஏது? பந்துதான் நம்மிடம் வரும், நாம் நின்ற இடத்தில் நின்று கையை நீட்டுவோம். மைதானத்திலும் அப்படியே நிற்கிறார்கள். பந்து இரண்டடி தள்ளிப் போனால் உடம்பு அங்கேயே இருக்கும், கை மட்டும் போகும்.

அடுத்தது கிளவுஸ். முதல் நாள் கொடுத்ததும் பாதிப் பேர் அதை வலது கையில்தான் மாட்டுவார்கள். பலமுள்ள கையில்தானே பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எறிகிற கை சும்மா இருக்க வேண்டும், மற்றக் கையில்தான் கிளவுஸ் என்று சொன்னால் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இடது கையால் எறிகிற பிள்ளைக்கு வலது கையில் மாட்டுகிற கிளவுஸ் வேண்டும். தோபி தலாவ் விளையாட்டுச் சாமான் கடைகளில் அது சுலபமாகக் கிடைப்பதில்லை, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். கிளவுஸ் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று: வளர்கிற பிள்ளைதானே என்று பெரிதாக வாங்காதீர்கள். ஸ்கூல் சட்டைக்குச் சரிவரும், கிளவுஸுக்கு வராது. பத்து, பதினோரு அங்குலத்துக்கு மேல் போனால் சின்னக் கையால் அதை மூடவே முடியாது. பந்து உள்ளே வந்து வெளியே விழும், பிள்ளை தனக்குப் பிடிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

ஆனால் முதல் சில வாரம் நான் கிளவுஸையே தருவதில்லை. டென்னிஸ் பந்து, வெறுங்கை. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே மூன்று மீட்டர் தள்ளி முழங்காலிட்டு உட்கார வேண்டும். ஒருவர் உருட்ட, மற்றவர் இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். காலை இப்படிக் கட்டிப்போட்டால் கை என்ன செய்கிறது என்பது தனியாகத் தெரியும். கை உடம்புக்கு அடியில் இருக்கக் கூடாது, முன்னால் நீண்டிருக்க வேண்டும், விரல்கள் மண்ணைத் தொட வேண்டும். பந்தைக் கைக்குள் போகும்வரை பார்க்க வேண்டும். பத்து நிமிடம் போதும். அப்புறம் உருட்டுவதற்குப் பதிலாகக் கைக்குச் சற்று முன்னால் ஒரு குத்து குத்தி எகிறவிட வேண்டும். இந்தக் குட்டி எகிறலைத் தைரியமாக எடுக்கப் பழகியவன் பிறகு எதற்கும் முகத்தைத் திருப்ப மாட்டான்.

அடுத்த படிக்கு ஒரு தட்டை. வெளிநாட்டில் இதற்கென்று குழியே இல்லாத தட்டைக் கிளவுஸ் விற்கிறார்கள். நம் ஊரில் பழைய ஹவாய் செருப்பு இருக்கிறது. அடிப்பாகத்தை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, பின்னால் ஒரு எலாஸ்டிக் தைத்தால் முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஃபோம் வெட்டுகிற பட்டறைக்காரர் ஒருவர் துண்டு ஃபோமைச் சும்மாவே கொடுத்துவிடுவார். தட்டையால் பந்தைப் பிடிக்க முடியாது, தடுத்து நிறுத்தி மறு கையால் உடனே மூட வேண்டும். இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்கிற பழக்கம் இதில்தான் வருகிறது. கிளவுஸில் ஆரம்பித்த பிள்ளை ஒற்றைக் கையால் கொத்தி எடுக்கப் பார்க்கும். அப்படி எடுத்தால் பந்து வந்துவிடும், ஆனால் அதை எறிகிற கைக்கு மாற்றுவதற்குள் ஓட்டக்காரன் பேஸில் நிற்பான்.

இங்கேதான் கிரிக்கெட் பாடத்துக்கும் இதற்கும் முட்டுகிறது. கிரிக்கெட் கோச்சிங்கில் ஒரு காலை மடக்கி, முழங்காலைத் தரையில் வைத்துப் பந்துக்கு அணை கட்டச் சொல்வார்கள். பந்து பவுண்டரிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் அங்கே கவலை. பேஸ்பாலில் பந்தைத் தடுத்ததோடு வேலை முடிவதில்லை. அடித்தவன் ஓட ஆரம்பித்துவிட்டான். 60 அடியை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் நாலு விநாடிக்குள் கடந்துவிடுவான். அந்த நேரத்துக்குள் பந்தை எடுத்து, மாற்றி, எறிந்து, அது ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். முழங்காலைத் தரையில் வைத்தவன் எழுந்திருப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதனால் காலுக்கென்று தனியாக நேரம் ஒதுக்குகிறேன். தரையில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு முக்கோணம் போடுவேன். இரண்டு மூலையில் இரண்டு பாதம், முன் மூலையில் கிளவுஸ். வலது கைக்காரர்களுக்கு வரிசை இது: வலது கால், இடது கால், எடு. வலது கால், இடது கால், எறி. பந்தே இல்லாமல் இதை வாயால் சொல்லிக்கொண்டே நடக்க வைப்பேன். "வலது, இடது, எடு" என்று கோரஸாகக் கத்தும்போது பக்கத்தில் வாக்கிங் போகிற பெரியவர்கள் டான்ஸ் கிளாஸ் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். நடந்து வந்த பிறகு நிற்கிற பந்து, அப்புறம் மெதுவாக உருளுகிற பந்து, கடைசியில்தான் வேகம். வேகத்தை அவசரப்பட்டுக் கூட்டினால் கால் மறந்துபோய் கை மறுபடி தனியாகப் போக ஆரம்பித்துவிடும்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. பதினைந்து பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி, கோச் பேட்டால் ஒவ்வொரு பந்தாக அடித்துக் கொடுப்பதைப் பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்க நன்றாக இருக்கும். பெற்றோருக்கும் 'அடேங்கப்பா' என்று இருக்கும். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பந்து ஒருமுறை வந்து மறுமுறை வருவதற்குள் பதினாலு பேர் முடிய வேண்டும். நடுவில் அவன் மண்ணில் கோலம் போடுவான், முன்னால் நிற்பவன் தொப்பியைத் தட்டுவான். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை தன் முறை வரும்போது நைசாகப் பின்னால் போய்விடும். அதற்குப் பதில் மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டால் ஒருவன் உருட்ட, ஒருவன் எடுக்க, ஒருவன் வாங்க, எல்லோர் கையிலும் பந்து ஓடிக்கொண்டே இருக்கும். நான் நடுவில் நடந்து காலை மட்டும் பார்ப்பேன். பேட்டால் அடிக்கிற பந்து கடைசிக் கால் மணி நேரத்துக்குத்தான்.

இடம் இல்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. மும்பை மைதானங்களில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆசாத் மைதானமோ சிவாஜி பார்க்கோ, ஒரு மேட்சின் மிட்விக்கெட் அடுத்த மேட்சின் பாயிண்ட்டாக இருக்கும். எங்கள் மைதானமும் அதே கதை. நாலு பேஸும் வைத்து முழுப் பேஸ்பால் வைரம் போட்டு நிற்க இடம் கிடைப்பது அபூர்வம். மூன்று பேர் குழு என்றால் ஒரு மூலையே போதும். ஆனால் எப்போதும் வேலிப் பக்கம் பிள்ளைகளின் முதுகு இருக்க வேண்டும், முகம் மைதானத்தைப் பார்க்க வேண்டும். பக்கத்து மேட்சிலிருந்து சீசன் பால், அதாவது கிரிக்கெட்டின் கெட்டித் தோல் பந்து, பறந்து வரும்போது அது முதுகுக்கு வரக் கூடாது. வேலிப் பக்கம் இடம் இல்லாத நாளில் பந்தே எடுப்பதில்லை, கால் நடையும் ஓட்டமும்தான்.

தரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காய்ந்த செம்மண், நடுநடுவே கல், ஷூ தேய்த்த பள்ளம். பந்து எப்படி எகிறும் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தரையைப் பார்த்து அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு இது ஒரு வாத்தியார். எகிறும் பந்தை எடுக்க இரண்டு நல்ல இடம் உண்டு. தரையில் பட்டு எழும்பியவுடனேயே எடுத்துவிடலாம், அல்லது எழும்பி உச்சிக்கு வந்து இறங்கும்போது எடுக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில், பந்து முட்டியிலிருந்து நெஞ்சுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது எடுக்கப் போனால் அடிதான். நின்று காத்திருப்பவனுக்குப் பெரும்பாலும் இந்த நடுப் பந்துதான் கிடைக்கும், ஏனென்றால் எதில் எடுப்பது என்று அவன் தேர்ந்தெடுக்கவில்லை. முன்னால் இரண்டு அடி வைத்தவனோ, ஒரு அடி பின்வாங்கியவனோ தன் எகிறலைத் தானே தேர்ந்தெடுக்கிறான். இதற்கு நான் வைத்திருக்கும் பயிற்சி சுலபமானது. பந்தை நான் உயரமாகக் குத்திவிடுவேன். பிள்ளை எடுப்பதற்கு முன் "முன்னாடி" என்றோ "பின்னாடி" என்றோ சத்தமாகச் சொல்ல வேண்டும். எடுத்தானா விட்டானா என்பதை நான் பார்ப்பதில்லை. நேரத்தில் சொன்னானா, சொன்ன பக்கம் கால் போனதா, அது மட்டும்தான்.

பயம் உண்டு. மூக்கில் பட்டுவிடும் என்ற பயம் பிள்ளைக்கும், அதைவிட அதிகமாக அம்மாவுக்கும். "பயப்படாதே" என்று கத்தினால் பயம் போகாது. டென்னிஸ் பந்து, அப்புறம் பிள்ளைகளுக்கென்று வருகிற மெத்தென்ற பந்து, அப்புறம்தான் அசல் பந்து என்று படியேற்றினால் போகும். அசல் பேஸ்பால் 142 முதல் 149 கிராம். சீசன் பால் 156 முதல் 163 கிராம். "உங்க பையன் ஏற்கெனவே இதைவிட கனமான பந்தில்தான் ஆடுறான்" என்றால் அம்மாக்கள் முகம் கொஞ்சம் தெளியும், பிறகு அதுவே புதுக் கவலையாகவும் ஆகிவிடும். ஒரு தாத்தா வந்து, "சோல்கருக்கு என்ன ஹெல்மெட்டா இருந்துச்சு, டீச்சர்?" என்று கேட்டார். ஏக்நாத் சோல்கர் நம்ம பம்பாய்க்காரர், ஃபார்வர்ட் ஷார்ட் லெக்கில் பேட்ஸ்மேன் காலடியில் நின்று 27 டெஸ்டில் 53 கேட்ச் எடுத்தவர். தாத்தா சொன்னது வாஸ்தவம்தான். அதற்காக, பேட் பிடிப்பவருக்குப் பின்னால் கேட்சர் இடத்தில் உட்காருகிற பிள்ளைக்கு முகக்கவசமும் அப்டமன் கார்டும் இல்லாமல் ஒரு பந்துகூடப் போட மாட்டேன்.

அடுத்து எறிதல். 2008இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்கப் பேஸ்பால் அணி ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு உ.பி. பையன்களை ஒப்பந்தம் செய்தது. அவர்கள் கிரிக்கெட்டிலிருந்து போனவர்கள் அல்ல, ஈட்டி எறிந்தவர்கள். எங்கள் உ.பி. பிள்ளைகளுக்கு இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. நான் அதைச் சொல்வது வேறு காரணத்துக்கு. ஈட்டியைப் போலத்தான் இங்கேயும்: கையை மட்டும் சுழற்றி எறிந்தால் பந்து போகாது, உடம்பு திரும்பி, முன்கால் ஊன்றி, கை கடைசியில் வர வேண்டும். சந்துக் கிரிக்கெட் பிள்ளைகள் இடுப்பளவில் பக்கவாட்டில் விசிறுவார்கள். பந்து வளைந்து போய்ப் பேஸிலிருந்து விலகும். இதை மாற்ற, ஒரு முழங்காலைத் தரையில் வைத்து, எதிரில் இருப்பவர் நெஞ்சுக்கு மணிக்கட்டால் மட்டும் எறியச் சொல்வேன். முழங்கை தோள் உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அப்புறம் நின்று, அப்புறம் நடந்து.

பிடிப்பும் முக்கியம். இரண்டு விரலும் தையலுக்குக் குறுக்கே போக வேண்டும். அப்படிப் பிடித்தால் பந்து நேராகப் போகும், தையலோடு சேர்த்துப் பிடித்தால் அலையும். கிளவுஸுக்குள் கையை விட்டுப் பார்க்காமலே தையலைத் தேடி எடுக்கப் பழக வேண்டும். இதற்கு மைதானமே வேண்டாம். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம் என்று சொல்லிப் பந்தை வாரம் முழுக்க வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். ஒன்றிரண்டு திரும்பி வராது, பரவாயில்லை.

கை வலி விஷயத்தில் விளையாட்டு கூடாது. இந்த வயதில் முழங்கையின் உள்பக்க எலும்பு முனை இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும், அளவுக்கு மீறி எறிந்தால் அந்த இடம்தான் முதலில் கெடும். அமெரிக்காவில் பிட்சிங்குக்கு, அதாவது பேட் பிடிப்பவருக்குப் பந்து எறிவதற்கு, வயதுவாரியாக வரம்பு வைத்திருக்கிறார்கள்: 9-10 வயதுக்கு ஒரு நாளில் 75 பந்து, 11-12க்கு 85, 13-14க்கு 95. ஃபீல்டிங்கில் எறிவது அந்தக் கணக்கில் வராது, ஆனால் முழங்கைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன? ஆகவே உருட்டுகிற பயிற்சியில் எடுத்த பந்தைத் திருப்பி எறியாமல் பக்கத்து வாளியில் போடச் சொல்கிறேன். எறிதலுக்கு ஒதுக்கிய நேரத்தில் மட்டும் எறிதல். "உள்பக்கமா வலிக்குது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்று அதோடு சரி. தைலம் தேய்த்து மறுநாள் அனுப்புகிற பெற்றோரிடம் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொண்டாலும் சரி.

இவ்வளவும் வந்த பிறகுதான் அசல் சிக்கல் ஆரம்பிக்கிறது. பந்தை அழகாக எடுத்துவிட்டுப் பிள்ளை என்னைப் பார்க்கும். "அக்கா, எங்க போடணும்?" கிரிக்கெட்டில் இரண்டு முனைதான், கீப்பர் பக்கம் போட்டால் பெரிதாகத் தப்பில்லை. இங்கே நாலு பேஸ், எந்தப் பேஸில் யார் நிற்கிறார்கள், எத்தனை அவுட் ஆகியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பந்துக்கும் பதில் மாறும். பின்னால் ஓட்டக்காரன் வந்துகொண்டிருப்பதால் முன்னால் இருப்பவன் ஓடியே ஆக வேண்டும் என்றால், அவன் வருவதற்குள் பந்தோடு ஃபீல்டர் அந்தப் பேஸை மிதித்தாலே அவன் அவுட். அப்படிக் கட்டாயம் இல்லாதவனைப் பந்தால் தொட வேண்டும். இந்த வித்தியாசம் தலையில் ஏறாமல் ஃபீல்டிங் இல்லை. பேஸை மிதித்துவிட்டு அவுட் கேட்டுக் கை தூக்கி நிற்கும் பிள்ளையைத் தாண்டி ஓட்டக்காரன் சிரித்துக்கொண்டே போவதை ஒவ்வொரு புதுக் குழுவிலும் பார்க்கிறேன்.

லோக்கல் ரயிலில் தாதரில் இறங்கப் போகிறவர் முந்தைய ஸ்டேஷனான மாட்டுங்காவிலேயே கதவுப் பக்கம் நகர்ந்துவிடுவார் இல்லையா? வண்டி நின்ற பிறகு யோசித்தால் அடுத்த ஸ்டேஷன் பரேல்தான். பந்து எங்கே போட வேண்டும் என்பதும் அப்படித்தான், பிட்சர் எறிவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். லோக்கலில் போகிற பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் நடுவில் நின்று கேட்பேன்: "எத்தனை அவுட்? யாரு எங்க? உனக்கு வந்தா எங்க?" ஒன்பது பேரும் தங்கள் பதிலைக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். எல்லோரும் ஒரே பேஸைக் காட்டினால் பந்தை உருட்டுவேன். இரண்டு விரல் வேறு பக்கம் போனால் நிறுத்திப் பேசுவோம். ஆரம்பத்தில் பேச்சுதான் அதிகம், பந்து கொஞ்சம். ஓட்டக்காரர்களாகவும் பிள்ளைகளையே விடுவேன். ஓடுகிறவனுக்குத்தான் எந்தப் பேஸ் ஆபத்து என்று சீக்கிரம் புரிகிறது, அடுத்த முறை ஃபீல்டில் நிற்கும்போது அது கைகொடுக்கிறது.

இடங்களுக்கு எண் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, மூன்று பேஸ்காரர்கள் 3, 4, 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடமிருந்து வலமாக அவுட்ஃபீல்ட் 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்குப் போட்டு அங்கிருந்து முதல் பேஸுக்குப் போனால் அது 6-4-3 டபுள் பிளே, ஒரே பந்தில் இரண்டு அவுட். இதைப் பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். "ஆறு நாலு மூணு" என்று கத்திக்கொண்டே அவுட் எடுப்பது அவர்களுக்கு ஒரு கெத்து. பத்து முறைக்கு ஒருமுறைகூட இரண்டு அவுட்டும் கிடைக்காது. அதனால் என்ன, முதல் அவுட் உறுதியானால் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உயரப் பந்து தனிக் கதை. தலைக்கு மேல் போகிற பந்துக்குப் பிள்ளைகள் முகத்தைக் காட்டியபடியே பின்னால் பின்னால் நடந்து, குதிகால் தடுக்கி விழுவார்கள். பந்து போகிற பக்கத்துக் காலைத் திருப்பி வைத்து, முதுகைக் காட்டி ஓட வேண்டும். 1954 உலகத் தொடரின் (அமெரிக்கப் பேஸ்பாலின் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தில் வில்லி மேஸ் எடுத்த கேட்ச் வீடியோவை போனில் காட்டுவேன். எல்லோரும் அந்த ஓட்டத்தையும் கேட்ச்சையும் பார்த்து வாயைப் பிளப்பார்கள். நான் அதற்கு அடுத்த நொடியைத் திரும்பப் போடுவேன். தொப்பி பறக்க, சுழன்று திரும்பி உடனே எறிகிறார் பாருங்கள், அதுதான் ஓட்டக்காரர்களை ரன் எடுக்க விடாமல் தடுத்தது. பயிற்சிக்கு டென்னிஸ் பந்துகளில் மார்க்கரால் எண் எழுதி மேலே போடுகிறேன், பிடிப்பதற்கு முன் எண்ணைச் சொல்ல வேண்டும். கண் பந்தைவிட்டு அகலாது. இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மண்டை இடிபடாமல் இருக்க "மேரா, மேரா, மேரா" (இந்தியில் 'என்னுடையது') என்று மூன்று முறை கத்த வேண்டும் என்பது பிள்ளைகளே வைத்த சட்டம். சந்தேகம் வந்தால் முன்னால் ஓடி வருகிற அவுட்ஃபீல்டருக்கே பந்து. பின்னால் ஓடுகிறவனுக்குத் தன் வழி தெரியாது.

பேஸ்பால் ஸ்கோர் பலகையில் ரன், ஹிட் இவற்றோடு பிழை என்று ஒரு கட்டமும் உண்டு. கேட்ச் விட்டால் கிரிக்கெட்டில் கமென்ட்ரியில் திட்டுவார்கள், இங்கே பலகையிலேயே ஏறிவிடும். இது பிள்ளைகளைக் கலவரப்படுத்துகிறது. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனின் ஃபர்ஸ்ட் பேஸ்காரர் பில் பக்னரின் காலுக்கு நடுவே பந்து போய் பாஸ்டன் தோற்றது. அந்த மனிதரை வருடக்கணக்கில் விடாமல் கிண்டல் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே பிட்சர் எறிந்த ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் போய் ஸ்கோர் சமமாகிவிட்டது, தொடரில் இன்னொரு ஆட்டமும் மிச்சம் இருந்தது. அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? எங்களிடம் ஒரே விதி: விட்டவன்தான் முதலில் துரத்தி ஓட வேண்டும். தலையைத் தொங்கப்போட்டு நிற்கிற இரண்டு விநாடியில் ஓட்டக்காரன் இன்னொரு பேஸ் போய்விடுகிறான்.

பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது, இரண்டு பேஸுக்கு நடுவே ஓட்டக்காரனை மடக்குவது. இதில் கோ-கோ ஆடுகிற பிள்ளைகளை யாரும் அசைக்க முடியாது. முனிசிபல் ஸ்கூலில் கோ-கோ டீமில் இருக்கிற ஒரு சிறுமி வந்தாள், கிரிக்கெட் பையன்கள் நாலு பேர் பந்தை மாற்றி மாற்றிப் போட்டும் அவளைத் தொட முடியவில்லை. பிறகு அவளையே ஃபீல்டராக்கினேன். பந்தைக் கிளவுஸில் ஒளிக்காமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் நேராக ஓட்டக்காரனை நோக்கி ஓடினாள். அவன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பது அவளுக்கு முன்பே தெரிந்தது. ஒரே ஒரு த்ரோவில் முடித்தாள். எப்போதும் கிளம்பிய பேஸ் பக்கமாகத்தான் விரட்ட வேண்டும் என்பதை மட்டும்தான் நான் சொல்லிக் கொடுத்தேன்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர், கிரிக்கெட்னா ஒரு ஐபிஎல் கனவாவது இருக்கும்" என்று கேட்கிற அப்பாக்களிடம் நான் வாதாடுவதில்லை. பள்ளி அளவில் தேசியப் போட்டி வரைக்கும் பேஸ்பாலுக்கு வழி இருக்கிறது என்று சொல்வேன். கிரிக்கெட் கெட்டுப்போகுமா என்றால், ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியே மைக் யங் என்ற அமெரிக்கப் பேஸ்பால் கோச்சை ஃபீல்டிங் சொல்லித் தரக் கூட்டி வந்தது என்பேன். அதற்கு மேல் அவர்கள் பாடு.

ஜூன் வந்தால் மைதானம் சேறு, செப்டம்பர் வரை நம்பிக்கை இல்லை. மழை மாதங்களில் சுவர்தான் கோச். சால் என்கிற வரிசை வீட்டுக் கட்டடத்தின் வராந்தாவில் சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதைத் தட்டையால் நிறுத்தி, வலது-இடது என்று கால் மாற்றலாம். பக்கத்து வீட்டு ஆத்தா திட்டினால் மதியத் தூக்க நேரத்தை விட்டுவிடுங்கள். கிளவுஸை நனைந்தபடியே பையில் போட்டு வைக்கக் கூடாது, இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். உள்ளே நியூஸ்பேப்பரைச் சுருட்டித் திணித்து ஃபேன் காற்றில் காயப்போட வேண்டும். வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால் தோல் வெடிக்கும். காய்ந்ததும் கொஞ்சம் தோல் எண்ணெய் தடவி, குழியில் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி வைத்தால் வடிவம் போகாது. வார் அறுந்தால் புதுக் கிளவுஸ் வாங்க ஓட வேண்டாம். தாராவித் தோல் பட்டறைகளில் காட்டினால் பை தைக்கிற கையால் ஒரு மணி நேரத்தில் கோத்துத் தந்துவிடுவார்கள். பழைய வாரை மட்டும் முழுசாக உருவிவிடாமல் கொண்டுபோங்கள், எந்த ஓட்டைக்கு எது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமே.